வெளியே நின்ற நேரம் கணக்கில் வராது

அரசாங்க அலுவலகத்தில் ஒரு வேலையைச் சீக்கிரம் முடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நிஜமாகவே சீக்கிரம் முடிப்பது. மற்றது, கடிகாரத்தைத் தாமதமாக ஓடவிடுவது. முதல் வழிக்கு ஆள்பலம் வேண்டும். இரண்டாவதற்கு என்னைப் போல ஒரு மேதாவி போதும்.

அப்போது ரந்தாவ் பக்கம் ஓர் அலுவலகத்தில் நான் 'சேவைத்தர மேம்பாட்டு' அதிகாரி. ஒப்பந்த வேலைதான். நிரந்தரமானால்தான் கல்யாணப் பேச்சு என்று அம்பாங்கானில் பெண் வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

மக்கள் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அங்கே விடியுமுன் பெரட்டு என்று சனங்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். அப்படி நின்ற நேரம் வேலை நேரத்தில் சேராது. அந்த வித்தையைத் தூசு தட்டி எடுத்தேன். நம்பர் எடுத்த பிறகுதானே நேரம் ஓடுகிறது? கவுண்டர் காலியானால் மட்டும் ஓர் ஆளை உள்ளே விட்டு நம்பர் கொடுப்பது. மற்றவர்கள் வெளியே கார் கொட்டகையில் நிற்கட்டும்.

வாசலில் ஜாகாவாகக் காவல் நின்றவர் என் பெரியப்பா, தோட்டத்தில் ஆட்களை மேய்த்த முன்னாள் மண்டோர். (யார் சிபாரிசு என்று கேட்காதீர்கள்.)

"பெரட்டு மாதிரிதானே? நான் பாத்துக்கிறேன்லா. ஒரு பய தாண்ட மாட்டான்" என்றார்.

சீக்கிரமே எங்கள் காத்திருப்பு நேரம் மூன்று நிமிடமாகிவிட்டது. அதை நேரில் பார்த்துப் பாராட்ட புத்ராஜெயா தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. அன்று நான் புதுச் சட்டையும் பலகாரத் தட்டுமாக உள்ளே காத்திருந்தேன். அவர் வருகிற வழியாக இல்லை. (பெரிய இடத்து ஆட்களுக்கு நேரத்தின் அருமை தெரியாது என்று முணுமுணுத்ததும் நான்தான்.)

அவரோ எப்போதோ வந்து வெளியே மழைச்சாரலில் நின்றுகொண்டிருந்தார். தான் யாரென்று பெரியப்பாவிடம் சொல்லியும் இருக்கிறார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், வரிசையில் நில்லுங்கள் என்று பெரியப்பா மலாயில் அதட்டியிருக்கிறார்.

வரிசையில் அவருக்கு முன்னால், கைக்குழந்தையோடு என் அக்கா. என்ன பேசினாள் என்பதை அன்று சாயங்காலம் பெருமையாகவே சொன்னாள்.

"பாவம்டா, அந்த மனுசன் கடிகாரத்தயே பாத்துக்கிட்டு இருந்தாரு. கவலப்படாதீங்க, இங்க நிக்கிற நேரத்த இவுங்க கணக்குல சேக்க மாட்டாங்க, எல்லாம் என் தம்பி ஐடியான்னு சொன்னேன். உன் கல்யாணத்துக்கும் கூப்புட்டுட்டேன்."

ஒருவழியாக உள்ளே வந்தவர், சொட்டச் சொட்ட நனைந்தபடி சுவரிலிருந்த 'மூன்று நிமிடம்' பலகையைப் படித்தார்.

"இது எந்தக் கடிகாரத்தில்?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் பலகாரத் தட்டை நீட்டினேன். கவுண்டரிலிருந்து அக்கா, "இவன்தான் நான் சொன்ன தம்பி" என்று மலாயில் அறிமுகம் செய்துவைத்தாள்.

நம்பர் இயந்திரம் வாசல் கேட்டுக்கு இடம் மாறியது. அதைப் பார்த்துக்கொள்ள நானும் மாறினேன். வேலை நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போனது, கூடவே கல்யாணமும். அங்கே நின்றபோதுதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கால் மாற்றி மாற்றி நிற்கிறவர்களை முதன்முதலாகப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு கவுண்டரைத் திறக்க வைத்தேன். அதைப் பாராட்ட யாரும் புத்ராஜெயாவிலிருந்து வரவில்லை.

இன்றும் தீபாவளிக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால் எனக்கு மட்டும் இலை வராது. பசிக்குதுக்கா என்பேன். என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொள்வாள். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

"நம்பர் எடுத்தியா? எடுக்கலன்னா உனக்கு இன்னும் பசிக்கவே ஆரம்பிக்கலடா."