வெளி இஞ்சினும் வீட்டு மாப்பிள்ளையும்

மருதமுனை.

மதிப்புக்குரிய தோஹா மாமாவுக்கு, மருமகன் அஸ்பாக் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு யாவரும் சுகம், லொறியும் இப்போது சுகம். உங்கள் சுகத்துக்கும் உங்கள் மனேஜரின் மனம் இளகவும் உம்மா துஆக் கேட்கிறா. போனில் அனுப்பினால் உம்மா எடுத்து வாசிப்பா என்பதால், நாளைக்கு உங்கள் பக்கம் வேலைக்குப் பறக்கிற றொமால்ட் அண்ணனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். உங்கட மூத்த மருமகள் றுஸ்தா ராத்தாட கலியாணம் நின்றுபோச்சு, உடனே லீவு போட்டு வா என்று உம்மா அழுதாவாமே. வர வேணாம் மாமா. எல்லாம் சரியாப் போச்சு.

நடந்தது இதுதான். மாப்பிள்ளை ஸப்ரிட வாப்பா பளீல் ஹாஜியார் நாள் குறிக்க வந்தார். அவர் வைத்திருப்பது வேங்கை லொறி, நம்மட வாப்பாட கஜவீரன் லொறி. ரெண்டும் நெல்லு ஏத்துற லொறிதான், ஆனா வாப்பாவுக்கு கஜவீரனைப் பத்திக் கதைக்கத் தொடங்கினா பிரேக் இல்லை. வேங்கைக் கொம்பனிக்குச் சொந்தமா இஞ்சின் செய்யத் தெரியாதாம், வெளியில வேறொரு கொம்பனியிட்ட வாங்கிப் பூட்டுறானாம். "இரவல் இஞ்சின்ல ஓடுறதெல்லாம் ஒரு லொறியா?" எண்டு கேட்டுட்டார். ஹாஜியார் தேத்தண்ணிய அப்படியே வெச்சிட்டு எழும்பிப் போயிட்டார். பிறகு போனும் எடுக்கல்ல. ராத்தா சாப்பிடுறதையே விட்டுட்டா, அதாவது எங்களுக்கு முன்னால.

அடுத்த கிழமை அக்கரைப்பற்றில நெல்லு ஏத்திக்கொண்டு நானும் வாப்பாவும் வரக்குள்ள, ஒலுவிலடியில கஜவீரன் நின்டுட்டான். கல்முனையிலிருந்து மெக்கானிக் கிறிஸ்ரோபர் வந்து, இஞ்சின்ட பக்கத்துல அப்பியிருந்த கிறீசத் துடைச்சார். உள்ள இரும்பில வார்த்திருந்த பேர் கஜவீரன் இல்லை, வேறொரு கொம்பனி.

"பாவா நானா, ஹாஜியார்ட லொறிக்குள்ள இருக்கிறதும் இவர்தான்" எண்டார் வாப்பாவிட்ட.

வாப்பா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். டீசல் பம்ப் செத்துப்போச்சு, கடைகள்ல இல்லை, ஹாஜியார் வீட்டில ஒண்டு ஸ்பெயரா கிடக்கு எண்டார் கிறிஸ்ரோபர். வாப்பா கேக்கமாட்டன் எண்டார். நான் ஒளிச்சிருந்து ஸப்ரி மச்சானுக்குப் போன் அடிச்சன். கொஞ்ச நேரத்துல ஹாஜியாரே ஓட்டோவில வந்து இறங்கினார், பம்ப்ப பச்சப்பிள்ளை மாதிரி மடியில வெச்சுக்கொண்டு. பூட்டினதும் லொறி உறுமிச்சு. வாப்பா மட்டும், கொம்பனி நம்மள ஏமாத்திட்டான் எண்டு முணுமுணுத்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏன் வாப்பா, நம்மட ஊருல பொண்ணுக்கு வீடு கட்டுறது பொண்ணு வீட்டார். மாப்பிள்ளை வெளியால வந்துதானே ஏறுறாரு? நீங்களும் அக்கரைப்பற்றில செஞ்சு உம்மாட வீட்டில பூட்டின ஆள்தானே?"

ஹாஜியார் லொறிட மட்காட்டப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். வாப்பா எனக்கு அடிக்க ஓங்கின கையால தலையச் சொறிஞ்சிட்டு, "வாங்க ஹாஜியார், வீட்ட போய் நாளைக் குறிப்பம்" எண்டார். இப்ப ரெண்டு பேரும் முன் விறாந்தையில நாள் பார்த்துக்கொண்டிருக்காங்க.

உண்மையாச் சொல்றன் மாமா, அந்த இஞ்சின் கொம்பனிக்கு ஒரு சலாம் போடணும். முகப்புல வேற யார்ரயோ பேர், உள்ள கிடந்து மூட்டை இழுக்கிறது அது. எங்கேயோ ஒருத்தன் செய்ற லொறிக் கூட்டுக்குள்ள, வேற எங்கேயோ செஞ்ச இஞ்சின் அளவு பிசகாமப் போய்க் குந்துது. ராத்தாட புது வீட்டுக் கதவ நிலையில பொருத்த நம்மட ஓடாவி எத்தனை தரம் வந்துட்டார், இன்னும் உரசுது.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் அதைவிட நீண்ட லீவையும் தருவானாக. மாமிக்கும் ஸம்றாவுக்கும் சலாம்.

அன்பு மருமகன்,
அஸ்பாக்

பி.கு.: உறையை ஒட்டப் போக, முன் விறாந்தையில சத்தம். இஞ்சின் திறமெண்டா எந்தக் கூட்டையும் இழுக்கும், அதனால மாப்பிள்ளைதான் பெரிசாம், ஹாஜியார் சொல்றார். கூடு இல்லாட்டி இஞ்சின் தரையில கிடக்கிற இரும்பு, வீடுதான் பெரிசாம், வாப்பா சொல்றார். நாள் இன்னும் குறிக்கல்ல. தேத்தண்ணி ஆறுது. இந்தக் கதைய ஆரு தொடக்கினது எண்டு ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னைத் தேடுறாங்க. லீவு போடுங்க மாமா.