பிரைமர் மேல் விழுந்த பழி

எனக்கு யார் மீதும் சந்தேகம் வரும். என் மீது மட்டும் வந்ததே கிடையாது. (வந்திருந்தா இப்படி எழுதற நிலைமையே வந்திருக்காது.)

எழுபதுகளில் மெல்போர்னுக்கு வேலைக்கு வந்த புதிதில், தொழிற்சாலை நண்பர் பரராஜன் என்னைத் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்த்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். நோபல் பார்க்கில் எங்களுக்கு அடுத்த தெரு. அந்தக் கிளப்பில் பலர் தோட்டாவை வீட்டிலேயே தயாரிப்பார்கள். நானும் வெடிமருந்தை நிறுக்கக் கராஜில் தராசும் கையுமாக உட்கார்ந்தேன். (அரிசி வாங்கறப்ப ஒரு நாளாவது இப்படி எடை பார்த்திருக்கீங்களான்னு என் மனைவி கமலா கேப்பா.)

தோட்டாவின் அடியில் பிரைமர் என்று ஒரு சின்ன மூடி இருக்கும். துப்பாக்கியின் ஊசி அதைத் தட்ட, அது பொறி விட, மருந்து பற்றும். எந்தக் கம்பெனி பிரைமர் போட்டால் குறி துல்லியமாக விழும் என்று கிளப்பில் ஓயாத சண்டை. நான் சிவப்பு டப்பா கட்சி. பரராஜன் எந்தக் கட்சியிலும் இல்லை.

"ஐசே, எல்லாம் ஒண்டுதான். சுடுறவனிலதான் வித்தியாசம்."

(என்னைத்தானே சொல்றார்?)

அந்த வருஷம் கிளப் அணியில் ஒரே ஓர் இடம் காலி. ஞாயிற்றுக்கிழமை சுட்டுக் காட்டி, எனக்கா பரராஜனுக்கா என்று முடிவாக வேண்டும். நானோ, அணியில் சேர்ந்தாயிற்று என்று ஊரில் மாமனாருக்கு முன்கூட்டியே எழுதிப் போட்டுவிட்டேன்.

அந்த வாரம் பார்த்துக் கடையில் சிவப்பு டப்பா இல்லை. பரராஜன் தானாகவே வந்து ஒரு நீல டப்பாவை நீட்டினார்.

"இதைப் போட்டுச் சுடும். நானும் இதுதான்."

போட்டிக்கு நிற்கிறவர் எதற்குச் சும்மா கொடுக்கிறார்? டப்பாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சந்தேகப்பட ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே பெரிய சந்தேகமாக இருந்தது.

தெய்வ பலமாவது இருக்கட்டும் என்று, சனிக்கிழமை ஆயுத பூஜையில் துப்பாக்கியைச் சாமி முன்னால் வைத்தேன். (ஆயுத பூஜைக்கு நெஜ ஆயுதம் வைக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?) சந்தனத்தைக் குழைத்து அப்பி, அட்சதையைக் கை நிறைய அள்ளிப் போட்டேன்.

"ஏங்க, ஒரு பொட்டு போதும். சுவர் பூசற மாதிரி பூசறீங்க" என்றாள் கமலா.

காலையில் வெளியே தெரிந்ததை எல்லாம் துடைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பரராஜன் சுட்டது அத்தனையும் ஒரு வடை அளவுக்குள் விழுந்தது. என்னுடையது அட்டை முழுக்கப் புள்ளிக் கோலம். (கோலத்துலயாவது ஒரு வரிசை இருக்கும்.)

நான் துள்ளி எழுந்து, கிளப் கேப்டன் கெவினிடம் எல்லார் எதிரிலும் கத்தினேன். பிரைமர் கெட்டது, இவர் வேண்டுமென்றே கொடுத்தார் என்று. பரராஜன் முகம் சுருங்கிப்போயிற்று.

கெவின் என் துப்பாக்கியை வாங்கி, குழலுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவில் ஒரு காகிதத்தை நுழைத்தார். அந்தக் குழல் கட்டையில் படாமல் நிற்க வேண்டும். ஏதாவது இடித்தால் குறி அலையும். காகிதம் பாதியில் நின்றது. திருகாணிகளைக் கழற்றிக் கட்டையைப் பிரித்தார். உள்ளே காய்ந்து இறுகிய சந்தனம். அதில் பதித்து வைத்தாற்போல் மஞ்சள் அரிசி.

"ரைஸ்?" என்றார் கெவின். கிளப்பே வந்து எட்டிப் பார்த்தது. அவர் முகர்ந்தும் பார்த்துவிட்டு, வாசனை பிரமாதம் என்று பாராட்டினார்.

பரராஜன் அப்போதுதான் வாய் திறந்தார். "ஓம், நான்தான் ராத்திரி வந்து உம்மட துவக்குக்குச் சோறு தீத்தினனான்." (துவக்குன்னா துப்பாக்கி, தீத்தறதுன்னா ஊட்டறது.)

இடம் அவருக்குப் போயிற்று. மாமனார் அதற்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். திங்கட்கிழமை காலை பரராஜன் வழக்கம்போல வாசலில் காரை நிறுத்தி, "ஏறும், நேரமாச்சு" என்றார். நானும் தலையைக் குனிந்தபடி ஏறினேன்.

பிறகு சிவப்பையும் நீலத்தையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தேன். வித்தியாசம் தெரியவில்லை. (இருந்தாலும் அந்த நீலத்து மேல எனக்கு ஒரு இது இருக்கு.)

வீட்டில் இன்றைக்கும் சாம்பாரில் உப்புக் கூடினால் "பிரைமர் சரியில்ல" என்கிறார்கள். போன ஆயுத பூஜைக்குப் பரராஜன் வந்திருந்தார். கமலா எல்லார் தலையிலும் அட்சதை போட்டுக்கொண்டே என்னிடம் வந்தாள். அவர் பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார்.

"தங்கச்சி, அங்க போடாதேங்கோ. உள்ளுக்க ஏற்கெனவே ஏதோ சிக்கிக் கிடக்கு."