மஞ்சள் கொடிக் கப்பலிலிருந்து சம்பந்திக்கு

சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே,
நங்கூரம் போட்ட கப்பல்.
நந்தன வருஷம் வைகாசி மாதம் 20-ந் தேதி, திங்கட்கிழமை.

மகா-ராச-ராச-ஸ்ரீ திருவொற்றியூர் சம்பந்தி தண்டபாணி அவர்கள் சமுகத்துக்கு, ராயபுரம் எத்திராஜ் இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் க்ஷேமம். மற்றக் கடிதங்களில் சம்பிரதாயத்துக்கு எழுதுகிற க்ஷேமம் அல்ல இது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, வாயில் கண்ணாடிக் குழாயை வைத்து, நாக்கை நீட்டச் சொல்லி, முதுகைத் திருப்பச் சொல்லி, டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட க்ஷேமம். அவ்விடம் தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் இத்தனை பரிசோதனை இல்லாமலே சுகமாக இருக்கும்படி வடிவுடையம்மனை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் கிருமி சாகக் கந்தகப் புகைப் பெட்டியில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்து வரும். ஆகையால் நாற்றம் என்னுடையது அல்ல. தைரியமாகத் தொடலாம்.

நேற்று மத்தியானம் என் மைத்துனன் செல்வம் ஒரு படகைப் பிடித்துக்கொண்டு கப்பலைப் பார்க்க வந்தான். போலீஸ் லாஞ்சு கிட்டே விடவில்லை. நூறு கஜத்துக்கு அப்பால் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான்.

"மாமா! ஒனக்கு அம்மா வாத்துகிச்சாமே!"

"எவன்டா சொன்னது? கல்லு மாதிரி கீறேன்டா!"

"ஒத்தியூர்ல அல்லாரும் அதான் பேசிக்கிறாங்கோ! சம்பந்தி வூட்ல பந்தக்கால புடுங்கிடலாமான்னு கேட்டுகினு கீறாங்கோ!"

"புடுங்க வேணான்னு சொல்லுடா!"

"அப்போ இன்னாத்துக்கு மாமா ஒன்ன எறக்கல?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது நூறு கஜம் கத்திச் சொல்லக்கூடிய பதில் அல்ல. "லெட்டர் போடறேன்" என்று மட்டும் கத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அம்மை கண்ட வீட்டில் மூன்று தண்ணீர் ஊற்றும் வரையில் சுபகாரியம் கூடாது என்பது எனக்கும் தெரியும். பெண்ணைப் பெற்றவனுக்கே அம்மை என்று கேள்விப்பட்டுத் தாங்கள் பந்தற்காலைப் பிடுங்கினால், நான் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: எனக்கு அம்மை இல்லை. என்னிடம் இருப்பது மடத்தனம் ஒன்றுதான், அது ஒட்டுவாரொட்டி அல்ல. ஒட்டுவாரொட்டி அல்ல என்று எழுதவும் கை கூசுகிறது, ஏனென்றால் இந்தக் கப்பலில் அது பதினைந்து பேருக்கு ஒட்டியிருக்கிறது.

நிச்சயதாம்பூலத்தன்று தங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் பேசியது நினைவிருக்கும். துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவன், கப்பல் என்றால் எனக்கு வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி என்றேன். தாங்கள் வெற்றிலையை மென்றுகொண்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். உள்ளபடி சொன்னால், கப்பலில் சரக்கு ஏற்றியிருக்கிறேனே ஒழிய, சரக்காக நான் ஏறியது இதுவே முதல் தடவை. பினாங்கில் வேலை பார்க்கும் என் மூத்த மகனுக்கு லீவு கிடைக்கவில்லை, தங்கைக்கு அவன் வாங்கி வைத்திருக்கும் சீர்ச்சாமான்களை நானே போய் எடுத்து வருகிறேன் என்று கிளம்பினேன். போனது நன்றாகத்தான் போனேன். திரும்பி வருகிற சமயத்தில் அந்த ஊரில் பெரியம்மை பரவி, அம்மை குத்திக்கொண்டு சர்டிபிகேட் வாங்காதவன் கப்பலில் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள்.

சம்பந்தி அவர்களே, என் உடம்பைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். மீசையையும் பார்த்திருக்கிறீர்கள். இரண்டையும் நம்ப வேண்டாம். துறைமுகத்துக்கு அம்மை குத்துகிறவர் வந்த ஒவ்வொரு வருஷமும் நான் ஏதாவது ஒரு கூட்ஸ் வண்டிக்குள் இருந்திருக்கிறேன். அவர் போய்விட்டார் என்று ஆள் வந்து சொன்ன பிறகே வெளியே வருவேன். பினாங்கில் ஒளிய வண்டி இல்லை. கையை நீட்டினேன், குத்தினார்கள், முத்திரை போட்ட காகிதம் கொடுத்தார்கள். கை வீங்கும், இரண்டு நாள் சுரம் அடிக்கும் என்றார்கள். மகள் கல்யாணத்துக்குப் போகிறவன் சுரத்தோடு போவதாவது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் போய், உப்பைத் தொட்டு எலுமிச்சை மூடியால் அந்த இடத்தை அழுத்தித் தேய்த்துவிட்டேன். தேய்த்தால் மருந்து பிடிக்காது. காகிதம் கையில், கை சுத்தம். இது எங்கள் துறைமுகத்தில் ரொம்ப நாளாய் நடக்கிற வேலை.

தேய்த்தவன் சும்மா வந்திருக்கலாம். காசிமேட்டுக் கெங்கம்மா, மீன் விற்கிறவள், பினாங்கில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவள், என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா நைனா, குத்துன எடத்துல ஊறுகா போட்டுகினு கீறே?"

"இது போர்ட்டு சூட்சுமம், கெங்கம்மா. வீங்காது, சொரம் வராது."

"அப்போ எனக்கும் ஒரு பொட்டு புழி."

அவளுக்குப் பிழிந்தேன். அவளுக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் ஒருவர். டாக்டருக்கு முன்னால் நின்ற வரிசையைவிட என் வரிசை ஒழுங்காக இருந்தது. இருபத்தாறு வருஷ சர்வீஸில் கிடைக்காத மரியாதை அந்த ஷெட்டுக்குப் பின்னால் எனக்குக் கிடைத்தது. பதினைந்து பேருக்கும் தேய்த்துவிட்டுத்தான் கப்பலேறினேன்.

கப்பலில் கட்டுப்பாடு என்றால் அப்படிப்பட்ட கட்டுப்பாடு. ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு தம்ளர், மேலே நம்பர். மேல்தளத்தில் படுப்பவர்கள் இரண்டு முழம் தள்ளித் தள்ளிப் படுக்கவேண்டும். சீட்டாடக்கூடாது, ஏனென்றால் சீட்டு கை மாறும். நாளைக்கு இரண்டு வேளை பினாயில் போட்டுக் கழுவியதில் சோறு, குழம்பு, காற்று எல்லாவற்றுக்கும் ஒரே வாசனை. சமையற்காரப் பண்டாரி நீளக் கரண்டியை வைத்துக்கொண்டு எட்ட நின்று ஊற்றுவான். குழம்பில் பாதி என் தட்டுக்கு, பாதி வங்காள விரிகுடாவுக்கு. முதல் வகுப்புக்காரர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். அவர்கள் பாண்டு வாத்தியம் மட்டும் கயிற்றைத் தாண்டி வந்தது. நான் காலை நீட்டிக்கொண்டு, ஊரில் போய் தங்களிடம் இதையெல்லாம் எப்படி எடுத்துவிடுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் அருள்நாதன் என்கிற திருநெல்வேலிப் பக்கத்துக் கடைக்காரருக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. முந்தின நாள் அவர் தின்ற எறாலை எண்ணியவர்களுக்கு அது ஆச்சரியமில்லை. ஆனால் டாக்டர் ஓடிவந்து, எல்லோரும் சட்டையைக் கழற்றி இடது கையைக் காட்டுங்கள் என்றார். வரிசையில் ஒவ்வொரு கையிலும் அம்மை குத்தின இடம் சிவந்து கொப்புளமாக எழும்பியிருந்தது. எங்கள் மூலையில் மட்டும் பதினாறு கைகள், பிறந்த குழந்தைக் கை மாதிரி. டாக்டர் இது எப்படி என்று கேட்டார். பதினைந்து பேரும் என் பக்கம் திரும்பினார்கள், அவ்வளவுதான். கெங்கம்மாவுக்கு அதுவும் போதவில்லை.

"தோ, இந்த மீசக்காரு தான் டாக்டரே, எங்க டாக்டரு."

போன வியாழக்கிழமை சென்னை வந்து சேர்ந்தோம். துறைமுகத்துக்குள் நுழையாமல் வெளியிலேயே நங்கூரம் போட்டு, நோய்ச் சோதனை முடியாத கப்பல் என்பதற்கு அடையாளமாக மஞ்சள் கொடி ஏற்றினார்கள். "மஞ்சக் கொடி போட்டுக்கிறானே, கல்யாணம் உன் வூட்லயா கப்பல்லயா?" என்று கெங்கம்மா கேட்டாள். சுகாதார டாக்டர் ஒருவரும், ஐரீன் என்கிற நர்ஸம்மாவும் லாஞ்சில் வந்தார்கள். அருள்நாதனைச் சோதித்து, இது எறால்தான், அம்மை இல்லை என்று அவரை முதல் படகிலேயே அனுப்பிவிட்டார்கள். இதைத் தாங்கள் இரண்டு தடவை படித்துக்கொள்ளவேண்டும்: கப்பலில் ஒருவருக்கும் அம்மை இல்லை. ஆனாலும் அம்மை பரவிய ஊரிலிருந்து வருகிறவன் கையில் கொப்புளம் எழும்பாமல் கரையில் இறங்கக்கூடாது என்பது சட்டம். மற்றவர்கள் எல்லோரும் இறங்கிப் போனார்கள். எங்கள் பதினாறு பேருக்கும் அன்றே மறுபடி குத்தி, செவ்வாய்க்கிழமை வந்து பார்ப்போம், எழும்பினவர்கள் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று முதல் நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். இங்கிருந்து பார்த்தால் ராயபுரம் மாதா கோயில் கோபுரம் தெரிகிறது, பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸ் புகை தெரிகிறது, இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் என் வீட்டுக் கூரையே தெரியும் போலிருக்கிறது. பதினைந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு வேலை கரையில் காத்திருக்கிறது. முறை வைத்துக்கொண்டு திட்டினார்கள். அதைத் தாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை ஒரு கட்டுமரம் வந்து, "கெங்கம்மாவ்! உன் மருமவளுக்குப் புள்ள பொறந்துட்ச்சு! ஆம்பளப் புள்ள!" என்று கத்தியது. பிரசவத்துக்குக் கூட இருக்கவேண்டும் என்றுதான் அவள் இந்தக் கப்பலைப் பிடித்தாள். அன்று பூராவும் கெங்கம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. முக்காட்டைப் போட்டுக்கொண்டு கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் திட்டமாட்டாளா என்று அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

எனக்குப் புத்தி வந்துவிட்டது. வியாழக்கிழமை குத்தினபோது நான் கல்லாட்டம் நின்றேன். விரல்கூட அந்தப் பக்கம் போகவில்லை. நாளைக் காலை கொப்புளத்தைக் காட்டிவிட்டு, முதல் படகில் இறங்கி, புதன்கிழமை விடியற்கால முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை பாதத்தில் தண்ணீர் ஊற்ற நானே வந்து நிற்பேன். பந்தற்கால் நட்ட இடத்திலேயே இருக்கட்டும். அப்பாவுக்குக் கப்பலில் ஏதோ ஆபீஸ் தாமதம் என்று மகள் மங்கையிடம் சொன்னால் போதும். எலுமிச்சை விவகாரம் நம் இருவருக்குள் இருக்கட்டும். என் சம்சாரம் கோவிந்தம்மா காதில் விழுந்தால், அதற்குமேல் நான் கப்பலிலேயே இருந்துவிடுவது உத்தமம்.

தங்கள் குடும்பம் விளக்கேற்றின வீடாக என்றும் விளங்கவேண்டும். என் மகள் அந்த வெளிச்சத்தில் வந்து சேரவேண்டும். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
இன்னும் சம்பந்தி என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படும்,
எத்திராஜ்.

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. மேலே எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. கல்லாட்டம் நின்றேன் என்ற இடம். வியாழக்கிழமை டாக்டர் குத்திவிட்டு அடுத்த ஆள் பக்கம் திரும்பினபோது, என்னைக் கேட்காமலே என் வலது கை வேட்டித் தலைப்பை எடுத்து இடது கையைத் துடைத்துவிட்டது. இப்போது பார்த்தார்கள். பதினைந்து பேருக்கும் கொப்புளம் எழும்பியிருக்கிறது. எனக்கு இல்லை. நர்ஸம்மா என்னைப் பார்த்து, "திருப்பியும் தொடச்சியா மேன்?" என்றாள். கெங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி குத்தி, காயும்வரை நர்ஸம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆகவே நான் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இறங்க வழியில்லை. முகூர்த்தத்தைத் தள்ளவேண்டாம். செல்வமும் அவன் பெண்சாதியும் மனையில் உட்கார்ந்து மங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கட்டும். கடிதத்தைக் கெங்கம்மாவே கொண்டு வருகிறாள். அவள் வாயால் எல்லாம் வெளியே வந்துவிடும், ஆகையால் மங்கையும் கோவிந்தம்மாவும் இதைப் படிக்கலாம். தயவு பண்ணி என்னை விடுங்கள், நாளைக்கு முந்நூறு பேர் கூடுகிற கல்யாணம் என்று டாக்டர் காலைப் பிடித்தேன். அவர் இளகிவிட்டதாக நினைத்தேன். "முந்நூறு பேரா? எந்தத் தெரு?" என்று கேட்டார். வீட்டு நம்பர், மாப்பிள்ளை பெயர், சாப்பாட்டு நேரம் எல்லாம் சந்தோஷமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, உன் உறவுக்காரர்கள் எல்லோரும் உன்னைப் போலத்தானே இருப்பார்கள் என்று சொல்லிவிட்டு, நாளைக் காலை பந்தல் வாசலில் அம்மை குத்துகிறவர் இரண்டு பேரை நிறுத்தப்போகிறார். சந்தனம் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கும் ஒரு மேஜை போட்டுக்கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கத்து ஆட்கள் பின்வாசல் தேடுவார்கள். அதைச் சாத்திவிடுங்கள். மங்கையை முதலில் கையை நீட்டச் சொல்லுங்கள், அப்புறம் எல்லோரும் நீட்டுவார்கள். அவளுக்குப் பயம் கிடையாது. அந்த விஷயத்தில் அவள் முழுக்க முழுக்கக் கோவிந்தம்மா பெற்ற பெண்.