ஒரு சொட்டு உத்தரவு

சொட்டு விழுகிற வழியாகத் தெரியவில்லை. குனிந்து குனிந்து யுகேந்திரனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

"அசையாத. சாமி பாத்துக்கிட்டு இருக்காரு," என்றார் நாகையா அங்கிள்.

சாமி என்று அவர் சொன்னது, செலாயாங் பக்கத்துச் சுற்றுலாக் குகையில் வளர்ந்திருந்த வெள்ளைப் படிகத் தூணை. அதைச் சுற்றிலும் படிகங்கள் மீஹூன் சேமியா மாதிரி சுருண்டு, மேலும் பக்கவாட்டிலும் நீண்டிருந்தன. மற்றவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். அங்கிள் செருப்பைக் கழற்றினார்.

கிள்ளானில் லோரி வைத்திருக்கும் அவர், பல்லி சொல்லாமல் டயர்கூட மாற்ற மாட்டார். மகள் மாதவியைக் காதலிக்கிறேன் என்று வந்து நிற்பவனைச் சும்மா விடுவாரா?

"மேலருந்து ஒரு சொட்டு உன் தலையில விழுந்தா பொண்ணு உனக்கு. இல்லன்னா இந்தப் பேச்சே வேணாம்."

"ஆமா, சாமியே சொல்லட்டும்," என்றார் அவர் மனைவி ரமணி ஆன்டி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

யுகேந்திரன் நைசாக இடப்பக்கம் நகர்ந்தான். அவன் நின்றிருந்த இடத்தில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது.

"பாத்தியா! நீ வேணாங்கிறாரு."

பதறிப்போய்ப் பழைய இடத்துக்கே தாவினான். அடுத்த துளி பக்கத்தில் நின்ற சீனத் தாத்தாவின் வழுக்கையில் விழுந்தது. அங்கிள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்கிள்! அவருக்குப் பேரப்பிள்ளைங்க இருக்காங்க!"

போச்சு, எல்லாம் போச்சு! மாதவி இல்லாமல் என்ன வாழ்க்கை! தடுப்புக் கயிற்றைத் தாண்டித் தூணருகே ஓடினான்.

காவலர் நிஜாம் விசில் அடித்தார். "பாஸ், உள்ள போகாதீங்க லா!"

திரும்பியதில் கால் வழுக்கி, விளக்கு ஒயர் இழுபட்டு, குகை முழுவதும் இருண்டது.

"வெளக்கே அணைஞ்சிருச்சு. கெளம்பு தம்பி," என்றார் அங்கிள்.

அந்த நொடியில்தான் மேலிருந்து தண்ணீர் மடமடவென்று கொட்டியது. விளக்கு வந்தபோது யுகேந்திரன் தொப்பலாக நின்றான்.

"முருகா! ஒரு சொட்டுதான கேட்டேன், அபிஷேகமே பண்ணிட்டியே!" அங்கிளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாப்பிள, தலைய தொவட்டுங்க!" என்று தன் கைக்குட்டையை நீட்டிவிட்டு, மாதவிக்குப் போன் போட வெளியே ஓடினார்.

யுகேந்திரன் நடுங்கியபடியே தூணைப் பார்த்துக் கும்பிட்டான். அப்போது நிஜாம் ரமணி ஆன்டியிடம் வந்து மெதுவாகக் கேட்டார்:

"இவ்வளவு போதுமா ஆன்டி? மேல பைப்ப மூடச் சொல்லிரவா?"