தொலைக்காட்சி மோசடியும் படத்தில் இல்லாத தங்கச்சியும்

எனக்கு ஆங்கிலம் தெரியாது. இன்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன், பார்த்தீர்களா? இதே மூன்று வார்த்தைகளை எட்டு வருடங்களுக்கு முன்னால் வசந்தியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

வசந்தி எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண். பதுளையில் ஒரு சிறிய தனியார் அருங்காட்சியகத்தில் தற்காலிக வேலை. நான் அதே ஊரில் போன் ரிப்பேர் கடையில் இருந்தேன். பசறையிலிருந்து தினமும் ஒரே பஸ். இரண்டு வருடமாக அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்தேனே தவிர, மனதில் இருந்ததைச் சொன்னதில்லை. (அந்தத் துணிச்சல் இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்!)

ஒருநாள் அவளே பேச்சை ஆரம்பித்தாள். "ஞாயித்துக்கிழமை இலவசமா ஒரு இங்கிலீசுப் படம் போடுறோம். அந்தக் காலத்துல அமெரிக்கா டிவில நடந்த மோசடி. வினாடி வினாப் போட்டியில விடைய முன்கூட்டியே சொல்லிக் குடுத்துட்டாங்களாம். நம்ம ஆளுங்களுக்கு மைக்குல தமிழ்ல சொல்ல ஒருத்தர் வேணும். இது நல்லா நடந்தாத்தான் என்னைய நிரந்தரமாக்குவாங்க."

"நான் சொல்றேன்" என்றேன். என் வாய்க்கு அன்று என்ன கேடு வந்ததோ!

சனிக்கிழமை அவள் இரண்டு தாள்களை என் கையில் திணித்தாள். முழுக்கதையும் தமிழில். "சும்மா ஒரு உதவிக்கு. யாருகிட்டயும் காட்டிக்காதீங்க." என் இங்கிலீசின் லட்சணம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னை அவமானப்படுத்தவில்லை. இந்தப் பெண்ணை எப்படி மறப்பது, சொல்லுங்கள்?

இரவோடிரவாக மனப்பாடம் செய்தேன். விடை கசிந்த படத்துக்கே விடை கசிந்துவிட்டது.

ஞாயிறன்று எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) ஆட்கள் முப்பது பேர் லொறியில் வந்து இறங்கினார்கள். படம் ஓடியது. எந்தக் காட்சி எங்கே முடிகிறது என்று தெரியாமல், இருபதே நிமிடத்தில் முழுக்கதையையும் சொல்லி முடித்துவிட்டேன். படம் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாக்கி!

எங்கள் லயத்தில் யாரும் வாயை மூடிக்கொண்டு படம் பார்ப்பதில்லை. பார்ப்பவர்கள் கேட்பார்கள், கதை தெரிந்தவர் பதில் சொல்லியாக வேண்டும். அது எழுதாத சட்டம்.

"ஏன் தம்பி, அந்தாளு குத்தத்த ஒத்துக்கிட்டான்னியே, இன்னும் சிரிச்சுக்கிட்டு நிக்கிறான்?" என்றார் மாரியாயி அத்தை.

"அது... கனவு அத்தை."

"அப்ப எதுக்கு இந்த மோசடி பண்ணுனான்?"

"தங்கச்சி கல்யாணத்துக்குத்தான்."

பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம். அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு பெண் சிகரெட்டுடன் வந்தாள். "இதுதான் தங்கச்சி. கவலையில இப்படி ஆயிருச்சு" என்றேன். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் அருங்காட்சியகப் பொறுப்பாளர். அத்தை எழுந்தார். "எல்லாஞ் சரிங்க. அந்தத் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆச்சா, இல்லையா?"

பொறுப்பாளருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். "எந்தத் தங்கச்சி? படத்துல தங்கச்சியே கிடையாதே! யார் இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

மைக் என் கையில்தான் இருந்தது. 'நான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வசந்தி என்னைப் பார்த்தாள். நான் மைக்கைப் பார்த்தேன்.

"நான்தான் சார் எழுதிக் குடுத்தேன். தப்பு என்னோடது" என்றாள். பிறகு அத்தையிடம் திரும்பி, "ஆயிருச்சு அத்தை" என்றாள்.

திரையில் வந்த அந்த மோசடிக்காரனாவது ஊர் உலகம் பார்க்க ஒத்துக்கொண்டான். நான் வாயைத் திறக்கவில்லை.

அவளை நிரந்தரமாக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து பஸ்ஸில் ஜன்னலோர இடம் காலியாகவே போனது. இப்போது பண்டாரவளையில் இங்கிலீசு வகுப்பு நடத்துகிறாளாம், இரண்டு பிள்ளைகளாம். அந்தப் பக்கம் பஸ் ஏறும்போதெல்லாம் எங்காவது கண்ணில் பட மாட்டாளா என்று ஏங்குகிறேன். பட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயமாகவும் இருக்கிறது.

வீட்டில் நான் எதையாவது அளந்துவிட்டால் போதும், "தங்கச்சிக்குக் கல்யாணம் ஆச்சா?" என்று என் மனைவி ஆரம்பிப்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சிரித்து ஓய்ந்ததும் அவள் ஒவ்வொரு முறையும் சொல்வாள்: "இருந்தாலும் அந்தப் பொண்ணு இல்லாத தங்கச்சிய எழுதிக் குடுத்து உங்கள இப்படி மாட்டிவிட்டிருக்கக் கூடாதுங்க."

நான் "ம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவேன்.