பார்சல்காத்தார் கல்யாணசுந்தரம்

கடைக்குப் போனோமா, பொருளைப் பார்த்தோமா, காசைக் கொடுத்துக் கையோடு தூக்கிக்கொண்டு வந்தோமா என்று இருக்கிறவர்கள் பாக்கியவான்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, போய் நிம்மதியாக இருக்கட்டும். நான் சொல்ல வந்தது, ஆர்டர் போட்டுவிட்டுப் பார்சலுக்காகக் காத்துக் கிடக்கும் பார்சல்காத்தார்களைப் பற்றி. இந்த இனத்தைப் பார்க்க நீங்கள் எந்தக் காட்டுக்கும் போக வேண்டியதில்லை. பார்சல் எங்கே வந்திருக்கிறது என்று ஒருவர் செல்போனைக் கையில் பிடித்து, திரையைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே இழுத்து, விட்டு, உற்றுப் பார்த்து, 'ம்ஹூம்' என்று பெருமூச்சு விட்டு, அடுத்த வாய் இட்லி உள்ளே போவதற்குள் மறுபடியும் இழுக்கிறார் என்றால் சந்தேகமே வேண்டாம். அவர்தான். பல் தேய்க்கும்போதும் இழுப்பார். சிக்னலில் சிவப்பு விழுந்தால், தாம் இழுப்பதற்காகவே நகராட்சி அதைப் போட்டிருப்பதாக நினைத்து இழுப்பார்.

புனேயில் சாங்விப் பக்கம் குடியிருக்கும் கல்யாணசுந்தரம் இந்த இனத்தில் அப்பழுக்கில்லாத அசல். பொள்ளாச்சிக்காரர். ஔந்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். அதாவது, வேலை எப்போது முடியும் என்று வேலை செய்கிறவர்களைக் கேட்டுக்கொண்டே இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. குக்கர் விசில் அடிப்பதற்குள் "சாதம் என்ன ஸ்டேட்டஸ்?" என்று கேட்கிற மனிதரை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இப்போது அவர் காத்திருந்தது ஒரு லேப்டாப்புக்காக. அது அவருக்கல்ல, அவர் மனைவி அமலாவுக்கு. இதை நீங்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர் வெகு சீக்கிரத்தில் மறந்துவிட்டார். அமலா கல்யாணத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் கணக்கு டீச்சராக இருந்தவர். அப்புறம் மகள் மீனு பிறந்தாள், புனேக்கு மாற்றல் வந்தது, இந்தி தடுமாறியது, மராட்டி சுத்தமாக வரவில்லை, சாக்பீஸ் பிடித்த கை கரண்டியோடு நின்றுபோனது. அப்படி இருக்கையில்தான் வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு டியூஷன் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். அது நன்றாக அமைந்தால் வேலை. வீட்டில் இருந்த பழைய லேப்டாப்பிலோ கேமராவும் பாதி எழுத்துகளும் செத்துப்போய் ரொம்ப நாளாயிற்று. கல்யாணசுந்தரத்தின் ஆபீஸ் லேப்டாப்பைக் கேட்கலாமே என்கிறீர்களா? அதை வேறு யாரும் தொடக்கூடாது என்று கம்பெனியில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அதைத் துடைக்கும் துணியைக்கூட அவர் பூட்டி வைத்திருக்கிறார்.

"ஏனுங்க, ஔந்துல அந்தப் பெரிய கடையில கண்ணாடிக்குள்ள அடுக்கி வச்சிருக்கறாங்களே, போய் ஒண்ணு வாங்கிட்டு வந்தரலாமுங்களா?" என்று அமலா ஆரம்பத்திலேயே கேட்டார்.

கல்யாணசுந்தரம் சிரித்தார். கடையிலா? கடையில் வாங்கினால் அங்கே என்ன இருக்கிறது? நாலைந்து வாரம் விமர்சன வீடியோ பார்க்க முடியுமா? ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு, ஒப்பிட்டதை மறுபடி ஒப்பிட்டு, நண்பர்களை எல்லாம் போனில் பிடித்து "கீல் எப்படி, கெட்டியா இருக்குமா?" என்று கேட்க முடியுமா? எந்த லேப்டாப் என்று முடிவு செய்ததோடு அமலாவின் பங்கு முடிந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் அதையும் அவரே முடிவு செய்தார். கடைசியில் நாள்காட்டியைப் பார்த்து, நல்ல நேரம் குறித்து, மீனுவின் கையால் பட்டனை அமுக்கச் சொல்லி ஆர்டர் போட்டார்.

அன்றிலிருந்து பிடித்தது பாருங்கள்!

பெட்டி பெங்களூருக் கிடங்கை விட்டுக் கிளம்பியது. வீட்டில் அறிவித்தார். ஹூப்ளி வந்தது. ஆபீசில் அறிவித்தார். கோலாப்பூர் வந்தபோது அவர் முகத்தில், தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வருகிற தகப்பனின் களை வந்துவிட்டது. அடுத்த இழுப்பில் பார்த்தால் பெட்டி பிவண்டியில் இருக்கிறது. பிவண்டி மும்பைக்குப் பக்கம். அப்படியென்றால் புனேயைத் தாண்டிப் போய்விட்டதா? வீடே அதிரக் கத்தினார்.

"அமலா! நம்ம வீட்டுக்குப் பக்கத்து ரோட்டுலயே போயிருக்குது! கையக் காட்டி நிறுத்தியிருக்கலாம்!"

"திரும்பி வந்துருமுங்க, விடுங்க."

விடுவாரா? வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார். நெடுநேரம் பாட்டுக் கேட்டார். கடைசியில் ஒரு பெண் குரல் வந்து, "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்றது. "நான் பொறுமையா இருக்கறேன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்று இவர் சீறினார். அதற்கும் அது நன்றி சொன்னது.

வகுப்புக்கு முந்தின நாள், அமலா ஒரு வெள்ளைப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்து, "நாளைக்கு இதத்தான் எடுக்கப்போறனுங்க. பின்னக் கணக்குன்னா பிள்ளைக பயந்துக்குவாங்க, அதனால தோசைய வெட்டற மாதிரி ஆரம்பிக்கறேன். சித்த கேட்டுச் சொல்றீங்களா?" என்றார். கல்யாணசுந்தரம் கேட்பதற்கென்றே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அமலா ஒரு தோசை வரைந்தார், நாலாக வெட்டினார். இவர் இழுத்தார். அமலா இன்னொரு தோசை வரைந்து ஆறாக வெட்டினார். இவர் இழுத்தார். பாதியில் அமலா நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து இவர் நிமிர்ந்து, "பிரமாதம், நல்லா புரியுது. பொட்டி திரும்பப் புனேக்கு வந்துருச்சு!" என்றார். அமலா பலகையைத் துடைத்துவிட்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. 'டெலிவரிக்குப் புறப்பட்டுவிட்டது' என்று செய்தி. கல்யாணசுந்தரம் வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லிவிட்டு, குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காலிங்பெல் அடித்தால் ஓடினார். பால்காரர். ஓடினார். பாத்திரம் தேய்க்கிற அம்மாள். மீனு பள்ளிக்கூடப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்பா, ப்ளீஸ், பஸ் கரோ, போதும். இட் வில் கம்!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதினொன்றுக்குச் சற்று முன்னால் வாசல் காவலாளியிடமிருந்து இன்டர்காம் வந்தது. லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் ஓடினார். கீழே, பைக்கில் சாய்ந்தபடி ஒரு டெலிவரிக்காரர். அவர் கையில் அந்தப் பெட்டி! கல்யாணசுந்தரம் இரண்டு கைகளையும் நீட்டினார். அப்போதுதான் இடது கையில் இருந்த கடிகாரம் கண்ணில் பட்டது.

வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு. நீட்டிய கைகள் பின்வாங்கின.

"ஓ.டி.பி. சொல்லுங்க சாஹேப்" என்று இந்தியில் கேட்டார் டெலிவரிக்காரர்.

"அபி நஹி பையா. பாரா பஜே கே பாத்." இப்போது வேண்டாம், பன்னிரண்டுக்கு அப்புறம் என்றார்.

"கியோ(ன்)?"

"ராகு கால் ஹை."

டெலிவரிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு அந்தப் பக்கம் ஹிஞ்சவடியில் இருப்பேன் என்றார். கல்யாணசுந்தரம் தமக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் கொட்டி, இது மனைவியின் புது வேலைக்கான பொருள், முதன்முதலாகக் கைக்கு வரும்போது நேரம் சரியாக இருக்க வேண்டும், ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்தால் டீயும் தருகிறேன் என்று விளக்கினார். "டீக் ஹை சாஹேப்" என்று சரியென்று தலையாட்டிய டெலிவரிக்காரர், தம் போனில் எதையோ தட்டிவிட்டு, பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, பைக்கை உதைத்தார்.

மேலே வந்தபோது அமலா வாசலிலேயே நின்றிருந்தார். "எங்கீங்க பொட்டி?"

"வந்துச்சு. பன்னண்டுக்கு மேல வரச் சொல்லியிருக்கறேன்."

"இத்தன நாள் தவங்கெடந்துட்டு, வாசல் வரைக்கும் வந்தத திருப்பி அனுப்பிட்டீங்களா?"

"உனக்காகத்தான் அமலா! நல்ல காரியம் தொடங்கறப்ப ராகு காலத்துல வாங்குவாங்களா?"

அமலா எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தார். பன்னிரண்டு அடித்ததும் கல்யாணசுந்தரம் இழுத்தார். திரையில் புதிதாக ஒரு வரி: 'வாடிக்கையாளரின் வேண்டுகோளின்படி டெலிவரி ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த முயற்சி திங்கட்கிழமை.' ஐயோ! ஸ்கூட்டர் சாவியை எடுத்தார், ஹெல்மெட்டை முன்பின்னாகக் கவிழ்த்துக்கொண்டார், வாகட் பக்கம் இருந்த கூரியர் கிடங்குக்குப் பறந்தார்.

அது ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பெட்டிகள், வெளியே பார்சல்காத்தார்கள். வரிசையாக நின்று எல்லோரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றபோது முன்னால் நின்றவர் திரும்பி, "தமிழா சார்?" என்றார். பெயர் ஸ்டீபன், விமான் நகரிலிருந்து ஊரையே குறுக்கே கடந்து ஒரு மிக்சிக்காக வந்திருக்கிறார். "எனக்கு பிவண்டிக்கு ரெண்டு தடவ போச்சு சார்" என்றார் ஸ்டீபன். "ரெண்டு தடவையா!" என்று கல்யாணசுந்தரம் மெய்சிலிர்த்தார். வீட்டில் யாருக்கும் புரியாத ஒரு துயரம் இங்கே ஒரு வார்த்தையில் புரிந்துவிட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த வெயிலில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்போது அமலா போன் செய்தார்.

"ஏனுங்க, எதிர்வீட்டு வைஷாலி அவங்க லேப்டாப்பக் குடுக்கறேங்கறாங்க. அவங்க வீட்டுலயே உக்காந்து க்ளாஸ் எடுத்துக்கறேன். நீங்க வெயில்ல நிக்காதீங்க, வந்துருங்க."

"அதெல்லாம் எதுக்கு? எனக்கு முன்னாடி ஏழெட்டுப் பேருதான். இதோ வாங்கிட்டு வந்தர்றேன்."

"அப்பறம் இன்னொண்ணுங்க. அவங்க வீட்டுப் பஞ்சாங்கத்துல இன்னைக்கு ராகு காலமே பதினொண்ணு தாண்டித்தான் ஆரம்பமாம். பன்னண்டரைக்குத்தான் முடியுதாம். இங்க சூரியன் நம்மூர விட லேட்டாத்தானுங்களே உதிக்குது. நம்ம வீட்டுல தொங்கறது கோயமுத்தூர் காலண்டருங்க."

கல்யாணசுந்தரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். தாம் பெட்டியைத் திருப்பி அனுப்பியது நல்ல நேரத்தில். வரச் சொன்னது சுத்தமான ராகு காலத்தில். இதை ஸ்டீபனிடம் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். திரும்பியும் போகவில்லை. வகுப்புக்கு வேறு வழி கிடைத்துவிட்டதே, இனி எதற்கு நிற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை பாருங்கள், அதுதான் இந்த இனத்தின் விசேஷம்.

நாலு மணி வந்தது, போனது. சாய்ந்த வெயிலில் அவர் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால், கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, பள்ளங்களில் எல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். வந்ததும் சாப்பாட்டு மேஜையைத் துடைத்தார். விளக்குகளை எல்லாம் போட்டார். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுக்க வேண்டும். உள்ளே லேப்டாப்புக்குப் பதில் செங்கல் இருந்தால் சாட்சி வேண்டாமா?

"மீனு, போனப் பிடி. ஆடக்கூடாது. முத்திரை தெரியற மாதிரி எடு" என்றார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, கோர்ட்டில் சொல்வதுபோல, தேதி சொன்னார், பெயர் சொன்னார், முத்திரை உடையவில்லை என்று நாலு பக்கமும் திருப்பிக் காட்டினார். கத்தியால் மெல்லக் கீறினார். நுரை அட்டையை நீக்கினார். வெள்ளி நிறத்தில் பளபளவென்று வெளியே வந்தது லேப்டாப். செங்கல் இல்லை! அவர் கண்களில் நீரே வந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்த கையோடு, ஊரில் இருக்கும் உறவுகளுக்கு எல்லாம் அந்த வீடியோவை அனுப்பலாம் என்று போனை எடுத்தார். அனுப்புமுன் ஒருமுறை பார்த்தார். படம் அருமையாக வந்திருந்தது, முத்திரை தெளிவாகத் தெரிந்தது. தம் குரலும் கம்பீரமாகத்தான் இருந்தது. அந்தக் கம்பீரத்துக்குப் பின்னால் வேறொரு குரல் மெல்லக் கேட்டது. சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டார்.

"ஏனுங்க... எனக்கு வேலை கெடச்சிருச்சுங்க. திங்கக்கெழமையிலிருந்து வரச் சொல்லிட்டாங்க."

அடுத்து அவருடைய குரல். கணீரென்று.

"அமலா, சித்த தள்ளி நில்லு. வெளிச்சம் மறைக்குது."

கல்யாணசுந்தரத்துக்குக் காது இரண்டும் சுட்டது. மறுபடி ஓட்டிப் பார்த்தார், அதேதான் சொன்னது. போனை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். அமலா மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல புடவை, நெற்றியில் பெரிய பொட்டு, விரல்களில் மார்க்கர் மசி. வகுப்புக்காகச் செய்துகொண்ட அலங்காரம் அப்படியே இருந்தது. இவர் இப்போதுதான் பார்க்கிறார்.

"அமலா..." என்றார். "க்ளாஸ் எப்படிப் போச்சு?"

அமலா திரும்பவில்லை.

"சித்த தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறைக்குது."

அவர் தள்ளி நின்றார். மேடையைத் துடைத்து முடிக்கும் வரை அங்கேயே நின்றார். கடைசியில் அமலா போனால் போகிறதென்று தோசைக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார். கல்யாணசுந்தரம் முழுவதும் கேட்டார். போன் அடுத்த அறையில் ஒலித்தது, போகவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார் என்பதை மட்டும் நான் மறைக்க விரும்பவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். உங்களுக்கு இந்த வியாதி எல்லாம் கிடையாது, தெரியும். ஆனால் ஏதோ ஒரு பெட்டியைப் பிரித்தபோது எடுத்த வீடியோ உங்கள் போனிலும் கிடக்கும், இல்லையா? அதை ஒருதரம் போடுங்கள். படத்தைப் பார்க்க வேண்டாம். சத்தத்தை மட்டும் நன்றாகக் கூட்டி வைத்துக்கொண்டு, பின்னால் யார் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டுவிட்டு, அப்புறம் வந்து சிரியுங்கள்.