பீரோவுக்குள் பூட்டிய ஒப்புதல்

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவன். சீட்டில் தூங்குகிறவரைப் பார்த்தால், தூங்குவதுபோல் நடிக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். (முக்கால்வாசி நேரம் அது உண்மையும்கூட!) ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சந்தேகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், பால்காரர், சிலிண்டர் கொண்டுவருபவர், சொந்த மைத்துனர் என்று வரிசையாக எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்தேன். என் தொல்லை தாங்க முடியாமல் மனைவி கஸ்தூரிதான் என்னை ஒரு டிரஸ்டில் சேர்த்துவிட்டாள்.

மிகச் சிறிய டிரஸ்ட். இல்லாதவர்களுக்குச் செயற்கைக் கால், ஊன்றுகோல், சக்கர நாற்காலி வாங்கித் தருவதுதான் வேலை. தலைவி புஷ்பா டீச்சர் விழுப்புரத்தில் இருந்தார். பொருளாளரான நான் திண்டிவனத்தில். காசோலையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்தை யாராவது பார்த்துப் போட்டுவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் மாதாமாதம் அதில் ஒரு சுழி, ஒரு கொக்கி, இரண்டு புள்ளி என்று சேர்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் யாராலும் அதைப் போட முடியவில்லை. என்னாலும்தான். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மூன்று காசோலைகள் திரும்பி வந்தன. அதில் ஒன்று, விழுப்புரத்தில் எங்களுக்குக் கால் செய்து தருகிற பட்டறைக்குக் கொடுத்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

"போதும் சார், இனிமே செக்கே வேணாம். எல்லாம் ஆன்லைன்லயே அனுப்பிடலாம்" என்று டீச்சர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

வங்கியில் ஏற்பாட்டை விளக்கினார்கள். டீச்சர் தன் வீட்டிலிருந்து, யாருக்கு எவ்வளவு என்று பதிவு செய்வார். அது அப்படியே நிற்கும். டிரஸ்டின் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். அதைப் போட்டு நான் ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் நகரும். புதிய கணக்கு என்றால் முதலில் ஒரே ஒரு ரூபாய் அனுப்பி, நமக்கு ஏற்கெனவே தெரிந்த நம்பரில் கூப்பிட்டு, வந்ததா என்று கேட்டுவிட்டு மிச்சத்தை அனுப்ப வேண்டும். கேட்கக் கேட்க எனக்குப் புல்லரித்தது. என் சந்தேகத்துக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்த ஏற்பாடு மாதிரி இருந்தது.

நான் அத்தோடு விடவில்லை. டிரஸ்ட் போன் வெளியே வந்தால்தானே திருட்டுப் போகும்? அதை எங்கள் வீட்டு இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியை என் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். கஸ்தூரியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடமும் எடுத்தேன். "ஓடிபிய யார் கேட்டாலும் சொல்லாத. நானே போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லாத. என் குரல்ல எவனாவது பேசுவான்." அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே தலையை ஆட்டினாள்.

இந்தச் சமயத்தில்தான் அஞ்சலைக்குக் கால் தயாரானது. அஞ்சலை திண்டிவனத்துக்குப் பக்கத்துப் பெருமுக்கல் கிராமத்துக்காரர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போன இடத்தில் டிராக்டர் ஏறி, இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அவருக்குச் சமையல் உதவியாளர் வேலை இருந்தது. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற திங்கட்கிழமை அடுப்படியில் நின்று வேலை செய்ய முடிந்தால் வேலை அவருக்கு. முடியாவிட்டால் வேறு ஆள். அவருக்கு உண்மையிலேயே கால் இல்லையா என்று வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து மனுவில் கையெழுத்துப் போட்டவன் நான். (ஒரு தடவை இல்லைங்க, இரண்டு தடவை!)

வெள்ளிக்கிழமை பட்டறையிலிருந்து செய்தி வந்தது. கால் தயார், சனிக்கிழமை வந்து மாட்டிக்கொள்ளலாம், ஆனால் பணம் இனிமேல் பழைய கணக்குக்கு வேண்டாம், விஜயலட்சுமி என்பவரின் பெயரில் உள்ள புதிய கணக்குக்கு அனுப்பவும். பட்டறைக்காரர் பெயர் தனசேகர். யார் இந்த விஜயலட்சுமி? எனக்குள் இருந்த பரிசோதகர் விசிலை எடுத்து வாயில் வைத்துவிட்டார்.

"ஒரு ரூபா அனுப்பிட்டு, பழைய நம்பர்லயே கூப்பிட்டுக் கேட்டுட்டேன் சார். வந்துடுச்சாம். தனசேகரே பேசினார்" என்றார் டீச்சர்.

"திருடனுக்கு ஒரு ரூபா வந்தாலும் வந்துச்சுன்னுதான் டீச்சர் சொல்வான். பேசுனது தனசேகர்தான்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

எதிர்முனையில் டீச்சர், "பதிவு பண்ணி வெச்சுடறேன் சார். பாத்து ஒப்புதல் குடுங்க. அந்தம்மா பாவம்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சனிக்கிழமை காலையில் கஸ்தூரியிடம்கூடச் சொல்லாமல் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். திட்டம் எளிமையானது. மாறுவேடத்தில் போய்த் துப்பறிவது. என்னை அந்தப் பட்டறையில் யாரும் பார்த்ததில்லை. இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க மதியம் தாண்டிவிட்டது. கால் சரியில்லாதவன்போல் நொண்டிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். கல்லாவில் ஒரு பெண்மணி இருந்தார். வெள்ளை மாவு அப்பிய கைகளோடு ஓர் ஆள், தனசேகராகத்தான் இருக்க வேண்டும், உள்ளேயிருந்து வந்தார்.

"வாங்க சார், உக்காருங்க. எந்தக் கால்ல பிரச்சன?"

நான் எந்தக் காலை நொண்டினேன் என்பது எனக்கே மறந்துவிட்டிருந்தது. "வலது" என்று அடித்துவிட்டேன்.

"உள்ள வர்றப்போ இடது கால இழுத்துக்கினு வந்தீங்களே?" என்றார் கல்லாப் பெண்மணி. அவர் பார்வையிலேயே தெரிந்தது, இவர் என் ஜாதி. சந்தேக ஜாதி.

"ரெண்டும்தாங்க" என்றேன்.

அவ்வளவுதான். தனசேகர் என் வலது காலை முட்டிவரை துடைத்து, அளவெடுக்க ஈர மாவுக்கட்டுத் துணியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். வேண்டாம் என்றால் வேஷம் கலைந்துவிடுமே! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டு இறுகத் தொடங்கிய நேரத்தில் மூலையில் இருந்த பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இன்னா சார் இது, உங்க காலும் போய்ட்ச்சா?"

அஞ்சலை. காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே வந்தபோது பார்க்கவே இல்லை. துப்பறிய வந்தவன் சுற்றிலும் பார்க்க வேண்டும் என்கிற முதல் பாடமே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"யாரும்மா இவரு?" என்றார் கல்லாப் பெண்மணி.

"டிரஸ்ட்டு பொருளாளர் சாருங்க! கால் நெஜமாவே இல்லையான்னு எங்க ஊட்டுக்கு ரெண்டு வாட்டி வந்து பாத்தாரே, அவரு."

கல்லாப் பெண்மணி எழுந்து நின்றார். "ஓகோ. சுழி சுழியா கையெழுத்து போடுவீங்களே, அந்த சாரா? உங்க செக்கு திரும்பி வந்து நாங்க பட்ட பேஜாரு கொஞ்சமா? அதுக்கப்புறம்தான் நானே கணக்கு வழக்கெல்லாம் என் பேர்ல மாத்திக்கினேன். நான்தான் விஜயலட்சுமி, இவரு சம்சாரம். பணம் வந்தாத்தான் இந்த அம்மாவுக்குக் கால் குடுப்பேன். நாளைக்கு லீவு. இன்னிக்கி ஆறு மணிக்குக் கடைய மூடிருவோம்."

அஞ்சலை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "திங்கக்கெழம நின்னு காட்டணும் சார்" என்று மட்டும் சொன்னார். அந்தக் காசோலையைக் கெடுத்தது நான். இப்போது பணத்தைப் பிடித்து வைத்திருப்பதும் நான். ஒப்புதல் கொடுக்கவேண்டிய போனோ திண்டிவனத்தில், பீரோவுக்குள். சாவியோ என் இடுப்பில்.

என் போனில் கஸ்தூரியைக் கூப்பிட்டேன். "ஜல்தியா ஆளக் கூப்ட்டு பீரோவ ஒட. உள்ள இருக்கற போன எடு. நான் சொல்ற மாதிரி அழுத்து. ஒரு நம்பர் வரும், அத..."

"ஓடிபியா?"

"ஆமா."

"நானே கேட்டாலும் சொல்லாதன்னு சொன்னது யாரு?"

"நான்தான் கஸ்தூரி!"

"நீங்கதான்னு நான் எப்படி நம்புறது? காலையில சொல்லாம கொள்ளாம போன மனுசன், இப்ப பீரோவ ஒடைன்றீங்க. சரி, நம்ம கல்யாணத்துல நான் கட்டியிருந்த முகூர்த்தப் புடவ இன்னா கலர்?"

முப்பத்தைந்து வருஷத்துத் தாம்பத்யம் கண் முன்னால் ஓடியது. அதில் புடவை மட்டும் தெரியவில்லை. "செவப்பு?" என்றேன்.

"ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவே இல்லை. (நான் எடுத்த பாடத்தை அவ்வளவு ஒழுங்காகக் கேட்டிருக்கிறாள், பாருங்கள்.)

மணி மூன்றரை. "இருங்க சார், கட்ட வெட்டி எடுத்துடறேன்" என்று தனசேகர் கத்தியைத் தேடினார். நான் நிற்கவில்லை. ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் மாவுக்கட்டு, மடித்துக் கட்டிய வேட்டியோடு தெருவில் இறங்கி ஓடினேன். ஓட்டம் என்று நான்தான் சொல்கிறேன். பார்த்தவர்கள் என்ன சொன்னார்களோ தெரியாது. திண்டிவனம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. நடத்துநர் பதறிப்போய் விசில் அடித்து நிறுத்தி, கைத்தாங்கலாக ஏற்றி, மாற்றுத்திறனாளிகளுக்கான சீட்டில் உட்காரவைத்தார். அட்டை இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. நான் கேட்டிருப்பேன். அதை நினைத்து வழியெல்லாம் வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சேர ஐந்தைத் தாண்டிவிட்டது. என் கோலத்தைப் பார்த்த கஸ்தூரி, கேள்வி எதுவும் கேட்காமல் வழி விட்டாள். பீரோவைத் திறந்து, எண்ணைப் போட்டு, ஒப்புதல் கொடுத்தேன். உடனே பட்டறையின் பழைய நம்பரைக் கூப்பிட்டேன். விஜயலட்சுமிதான் எடுத்தார்.

"பணம் அனுப்பிட்டேம்மா. அஞ்சலைக்குக் கால மாட்டிவிடுங்க."

"அவங்க அப்பவே மாட்டிக்கினு கெளம்பிட்டாங்க சார். இந்நேரம் பஸ் ஏறியிருப்பாங்க."

"பணம் வராமயா குடுத்தீங்க?"

"நீங்க அந்தக் கட்டோட பஸ்ஸுக்கு ஓடுனீங்க இல்ல, வாசல்ல நின்னு பாத்தேன். ஏமாத்தறவன் அப்படி ஓட மாட்டான் சார்."

என் வாழ்க்கையில் நான் ஒருவரைக்கூட அப்படி நம்பியதில்லை. கஸ்தூரி வெந்நீரும் காய் நறுக்கும் கத்தியுமாக வந்து உட்கார்ந்து, கட்டை ஊறவைத்துப் பெயர்த்து எடுத்தாள். சிரிப்பில் அவள் கை ஆடியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அஞ்சலைக்கு வேலை நிலைத்துவிட்டது. திண்டிவனம் வந்தால் எங்கள் வீட்டுக்கு வந்து, "கால் எப்பிடி கீது சார்?" என்று என்னைத்தான் விசாரிப்பார். டிரஸ்ட் போன் இப்போது என் சட்டைப்பையில். ஒரு ரூபாய் அனுப்பிவிட்டுத் தெரிந்த நம்பரில் கேட்பதை விடவில்லை. அதற்குமேல் துப்பறியப் போவதில்லை.

வீட்டில்தான் அந்தக் கதை முடியவில்லை. நான் கதவைத் தட்டினால் கஸ்தூரி உள்ளேயிருந்து கேட்கிறாள்: "புடவை என்ன கலர்?" மகள், மருமகன், பேரன் எல்லோருக்கும் விடை தெரியும். நானும் அவள் சொல்லிக்கொடுத்ததையே தெருவே கேட்கும்படி, "மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர்!" என்று கத்துகிறேன். கதவு திறக்கிறது. போன வாரம் யாரும் இல்லாத நேரத்தில் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அந்தப் புடவை பச்சையாகத்தான் தெரிகிறது. ஆனால் கேட்கப் போவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவளை நம்பிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.